நிற்கும் வண்டியின் இரைச்சல்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. நானும் உன் அண்ணனும் நலம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? போன தடவை கப்பலிலிருந்து இறங்கி வந்தபோது கன்னம் ஒட்டிப்போய் இருந்தாய். நான் அடைத்துவிட்ட கடைவாய்ப் பல் எப்படி இருக்கிறது என்றும் எழுது. என் கை அடைத்தது, விழாது. இருந்தாலும் பல் டாக்டர் என்றால் கேட்டுவைக்க வேண்டுமே.

இந்த வீட்டில் உடம்பு சரியில்லாதவள் மூத்தாள் ஒருத்திதான். எனக்கு முன்பே இந்த வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று உன் அண்ணனின் காருக்கு நான் வைத்த பேர் அது. நீ கல்லூரியில் படிக்கும்போது அவள் அடியில் படுத்து எண்ணெய் அபிஷேகம் வாங்கியவன், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் பந்தயம் ஓடியவள். இப்போது இருபத்தெட்டு வயது. இன்னும் அந்தக் கொழுப்பு அடங்கவில்லை.

விஷயம் இதுதான். ஐடிலிங் ஏறிக் கிடக்கிறது. கியரில் இல்லாமல் சும்மா நிற்கும்போது, இஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் முள் தொள்ளாயிரத்தில் இருக்க வேண்டாமா? ஆயிரத்து எழுநூறில் நிற்கிறது. சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் இரண்டு தடவை இருமிவிட்டுத்தான் அடங்குகிறாள். போன செவ்வாய்க்கிழமை நான் ஓட்டிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரி வாசலில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தும் வேகம் குறையாமல் இழுத்துக்கொண்டே போய்க் காவலாளியின் நாற்காலியைத் தள்ளிவிட்டாள். நல்லவேளை, அவர் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தார்.

உன் அண்ணனிடம் சொன்னால், "அதுக்கு ஒண்ணுமில்ல, அப்படியே இருக்கட்டும்" என்கிறார். கதவில் ஒரு சின்னக் கிறீச் கேட்டாலே ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கழற்றிப் போடுகிற மனிதர்! தெருமுனை மெக்கானிக்கிடம் காட்டினேன். இஞ்சினை இறக்க வேண்டும் என்றார். பல்வலி என்று வந்தவனிடம் தாடையையே கழற்றிவிடலாம் என்று சொல்வதுபோல.

நீ கப்பல் இஞ்சினையே கட்டி மேய்க்கிறவன். துறைமுகத்தில் போன் கிடைத்தால் கூப்பிடு. பானெட்டைத் திறந்து ரிசீவரைப் பக்கத்தில் பிடிக்கிறேன், நீயே கேட்டுச் சொல். உன் அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் மூன்று துறைமுகம் என் பின்னாலேயே ஓடிவந்து நேற்றுதான் பிடித்தது. நான் சுகம். பல்லும் சுகம். கப்பல் சமையல்காரர் செய்வதைக் கடிக்கப் பல்லே தேவையில்லை, அது வேறு விஷயம். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று இரண்டு வரி கூடுதலாக எழுதியிருக்கலாம்.

போன் வேண்டாம் அண்ணி. துறைமுகத்துப் போனில் பாதி வார்த்தை கடலில் விழுந்துவிடுகிறது. எழுதுங்கள். நீங்கள் எழுதினால் எனக்கு நன்றாகக் கேட்கிறது.

பயப்படாதீர்கள், ஐடிலிங் ஏறுவதற்குக் காரணம் நாலைந்துதான். சுலபமானதை முதலில் பார்ப்போம். ஆக்சிலரேட்டர் கேபிளை விரலால் அசைத்துப் பாருங்கள், கொஞ்சம் தளர்வு இருக்க வேண்டும். முறுக்கேறி நின்றால் அதுதான் காரணம். அடுத்தது, காற்றும் பெட்ரோலும் கலக்கும் கார்புரேட்டர் பக்கத்து ஸ்பிரிங். கையால் இழுத்து விட்டால் 'டப்' என்று திரும்ப வேண்டும். குளிரில் ஸ்டார்ட் செய்ய இழுப்பீர்களே, அந்த சோக் கம்பி முழுக்க உள்ளே போகிறதா பாருங்கள். காலையில் குளிர்ந்திருக்கும்போது முள் எங்கே, சூடான பிறகு எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. சிரிக்கக் கூடாது. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடுகிற இஞ்சின்மேல் வையுங்கள், அதன் பிடியைப் பல்லால் கடித்துக்கொள்ளுங்கள். என்ன தெரிகிறதோ அப்படியே எழுதுங்கள். விசிறிப் பக்கம் போகாதீர்கள், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி


பிப்ரவரி 21

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே இருவரும் சௌக்கியம். அங்கே குளிர் அதிகம் என்று பேப்பரில் படித்தேன், கம்பளிச் சட்டை போட்டுக்கொள்.

உன் அண்ணன் பாலங்களுக்கு வரைபடம் போட அலுவலகத்துக்குக் கிளம்பிப் போனதும் நீ சொன்னதையெல்லாம் செய்தேன். கேபிளில் தளர்வு இருக்கிறது. ஸ்பிரிங் 'டப்' என்றே திரும்புகிறது. சோக் கம்பியில் குறையில்லை. குளிரில் ஆயிரத்து ஐந்நூறு, சூடானதும் ஆயிரத்து எழுநூற்று ஐம்பது.

கார்புரேட்டரின் அடிப்பக்கம் தெரியவில்லை. உடனே என் பெட்டியிலிருந்து வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குச்சிக் கண்ணாடியை எடுத்து வந்தேன். தம்பி, இத்தனை வருஷம் இந்த பானெட்டை நான் ஏன் திறந்து பார்க்கவில்லை? இரண்டு கார்புரேட்டர், நான்கு வாய். நான்கும் என் நோயாளிகளைப் போல ஆவென்று திறந்திருக்கின்றன. உள்ளே பித்தளைத் தகடு, மயிரிழை இடைவெளியில் நிற்கிறது. உள்ளங்கையைப் பக்கத்தில் கொண்டுபோனேன், கையையே பிடித்து இழுத்தது. இத்தனை பெரிய இரும்பு அந்த மயிரிழை வழியாகத்தான் மூச்சு விடுகிறதா?

பிறகு உன் ஸ்க்ரூ டிரைவர் வேலை. எனாமல் போய்விடும் என்று உனக்கு ஒரு திட்டு திட்டிவிட்டு, பிடியில் கைக்குட்டையைச் சுற்றிக் கடித்தேன். என்ன சொல்ல! இஞ்சின் என் மண்டைக்குள் ஓடியது. வெளியே கேட்கும் இரைச்சல் எங்கோ போய்விட்டது. அதற்குப் பதில் ஒவ்வொரு சத்தமும் தனித்தனியாக வந்தது. மேலே சின்னச் சின்னத் தட்டல், முன்பக்கம் சங்கிலி உரசுவது, அடியில் நான்கு வெடிப்பு ஒன்றன்பின் ஒன்றாக. நிமிஷத்துக்கு ஆயிரத்து எழுநூறு சுற்று, ஒன்றுகூட வரிசை தப்பவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இருபது வருஷமாகப் பல்லைப் பார்க்கிறேன், பல்லுக்குக் காது உண்டு என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நின்ற இடத்திலேயே அரை மணி நேரம் கடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

இன்னொன்றையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன். எனக்கு மாற்றல் உத்தரவு வந்திருக்கிறது. ஒன்றரை நாள் பயணத் தூரத்தில் பெரிய ஆஸ்பத்திரி. வேண்டாமென்றால் வேண்டாமென்று எழுதிக் கொடுக்கலாம், ஜூன் முப்பதுக்குள் சொல்ல வேண்டும். உன் அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத் தனியாகப் போய்விடலாமா என்று யோசிக்கிறேன்.

திடுக்கிடாதே. சண்டை ஒன்றுமில்லை. சண்டை போட்டாலாவது தேவலை. நான் பகலெல்லாம் வாயைத் திறந்து படுத்திருப்பவர்களிடம் பேசுகிறேன், அவர்களால் பதில் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்தால் வாய் சும்மா இருக்கும் மனிதரும் பதில் சொல்வதில்லை. மூன்று கேள்விக்கு ஒரு 'ம்'. சொன்னால் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இப்படி மூன்று வருஷம். ஆனால் காரில் ஏறட்டும், ஆளே வேறு! கேட்டதற்குப் பதில் சொல்கிறார், கிண்டல் செய்கிறார். மூத்தாள் கூட இருந்தால்தான் இளையாளுக்கு மரியாதை போலிருக்கிறது. போவதற்கு முன் அவளையாவது சரிபண்ணி ஒப்படைத்துவிட்டுப் போகிறேன்.

உன் அண்ணி


மார்ச் 14

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நான் நலம். கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ஸ்க்ரூ டிரைவரைப் பற்றி நீங்கள் எழுதியதை நான்கு தடவை படித்தேன். எங்கள் தலைமை இஞ்சினியருக்கும் வாசித்துக் காட்டினேன். அந்த டாக்டரம்மாவைக் கப்பலுக்கு அனுப்பச் சொல் என்றார். சங்கிலி உரசுவது வரைக்கும் பிரித்துக் கேட்டிருக்கிறீர்கள். இஞ்சின் நல்ல ஆரோக்கியத்தில் இருக்கிறது, அதை இறக்க வேண்டாம்.

அடுத்தது திருட்டு மூச்சு. அந்த நான்கு வாய் தவிர வேறு எங்காவது சந்து வழியே காற்று உள்ளே போனாலும் ஐடிலிங் ஏறும். கார்புரேட்டரும் இஞ்சினும் சேரும் இடங்களில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். எந்த இடத்தில் தண்ணீர் உள்ளே உறிஞ்சப்பட்டுச் சத்தம் மாறுகிறதோ அங்கே ஓட்டை. பிரேக்குக்குப் போகும் ரப்பர்க் குழாயையும் நசுக்கிப் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் மிச்சம் ஒன்றுதான். இரண்டு கார்புரேட்டருக்கும் நடுவே, பித்தளைத் தகடு எவ்வளவு திறந்து நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கும் ஒரு ஸ்க்ரூ. அதை யாராவது உள்ளே முறுக்கியிருந்தால் இவ்வளவும் வரும். மெதுவாக வெளியே திருப்பித் தொள்ளாயிரத்தில் நிறுத்துங்கள்.

மாற்றல் விஷயம் படித்து மனசு சங்கடப்பட்டது. அண்ணன் எப்போதும் குறைவாகப் பேசுகிறவர்தான். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம். ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். காரில் பேசுகிறார் என்றீர்களே, வண்டி ஓடும்போதா, நிற்கும்போதா?

உங்கள் தம்பி


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் நிலைமையில் நான் இல்லை. நீ நன்றாக இரு.

ஓட்டை எதுவும் இல்லை. பல் இடுக்கைக் கழுவும் ஊசிக்குழலால் ஒரு மூட்டு விடாமல் சொட்டுவிட்டுப் பார்த்தேன். ரப்பர்க் குழாயும் சரி. கடைசியாகக் கண்ணாடியைப் பிடித்து உன் ஸ்க்ரூவைத் தேடினேன். கிடைத்தது. அதன் தலையைச் சுற்றி வெள்ளை மையில் ஏழு கோடுகள். இம்மி பிசகாத இடைவெளி, நூல் பிடித்தது மாதிரி. பாலத்துக்குக் கோடு போடுகிற கை எனக்குத் தெரியாதா? கோளாறு வண்டியில் இல்லை தம்பி. வீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

ஏன் செய்தார் என்று அப்போது யோசிக்கவில்லை. நீ சொன்னபடி வெளியே திருப்பினேன். ஒன்றரைச் சுற்று. முள் மெல்ல இறங்கித் தொள்ளாயிரத்தில் நின்றது பார், அந்த நிமிஷத்தை என்னவென்று சொல்வேன்! ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. பானெட்மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தேன், மேலே ஒரு சுருக்கம் இல்லை. இவ்வளவு அமைதி அந்த இரைச்சலுக்குள்ளேதான் இருந்ததா என்று வாய் பிளந்து நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அவர்தான் ஓட்டினார். ரொம்ப நாளாகத் தொண்டையில் நின்றதைச் சொல்லிவிடலாம் என்று பெரிய சந்திப்பில் சிவப்பு விளக்கு விழுந்ததும் ஆரம்பித்தேன். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை, எதிரே விளக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "எனக்கு மாத்தல் வந்திருக்கு. போகலாம்னு இருக்கேன். தனியாத்தான். நீங்க ஒரு வார்த்தை போகாதேன்னு சொன்னா போகமாட்டேன்."

திரும்பிப் பார்த்தேன். சிரித்தார். அதே சிரிப்பு. தலையை ஆட்டி, "ஆமா, பாத்துக்கலாம்" என்றார். பச்சை விழுந்தது, ஓட்டினார்.

மறுநாள் காலை சன்னல் வழியாகப் பார்க்கிறேன், பானெட் திறந்திருக்கிறது. இடது கையை வண்டிமேல் பதித்துக்கொண்டு வலது கையால் ஸ்க்ரூவைத் திருப்பிக்கொண்டிருக்கிறார். மறுபடி ஆயிரத்து எழுநூறு.

இப்போது புரிகிறதா ஏனென்று? வண்டி நின்றால் நான் பேசுவது காதில் விழுந்துவிடுகிறது. விழக் கூடாது என்றுதான் இந்த இரைச்சல். என் பேச்சை மூடிப்போட இஞ்சினை ஏற்றிவைத்திருக்கிறார். வருஷத்துக்கு வருஷம் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார், கோடு வேறு போட்டு!

நீ கேட்டதற்குப் பதில்: ஓடும்போதுதான் பேசுவார். இந்தச் சனியன் இரைச்சல் வந்த பிறகு நின்றாலும் பேசுகிறார். வாயை மூடிக்கொள் என்பதற்கு அது ஒரு மரியாதையான வழி போலிருக்கிறது.

உன் அண்ணி


ஏப்ரல் 25

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. அந்த ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். கையெழுத்தும் போடாதீர்கள். நீங்கள் நினைப்பது போல இல்லை என்று மட்டும் இப்போது சொல்கிறேன். விவரமாக எழுதக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்.

உங்கள் தம்பி


மே 24

தம்பிக்கு,

ஒரு மாதம் அவகாசம் கொடுத்தாகிவிட்டது. ஒரு வரியும் இல்லை. அண்ணனும் தம்பியும் ஒரே அச்சு என்று எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். நீ எழுதினால் உனக்குக் கேட்கிறது என்றாயே, இது கேட்கிறதா?

பெட்டி கட்டத் தொடங்கிவிட்டேன். ஜூன் இருபத்தைந்தாம் தேதி கையெழுத்துப் போடுவேன். உன்மேல் கோபம் இருந்தாலும் உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்று நினைப்பதை நிறுத்த முடியவில்லை.

அண்ணி


ஜூன் 4

அன்புள்ள அண்ணிக்கு,

காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கும் வணக்கம் இது. நான் உடம்பால் நலம், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றைச் சொல்லத்தான் இத்தனை நாள் பிடித்தது. ஆறு தடவை எழுதி ஆறு தடவையும் கடலில் போட்டேன்.

அண்ணி, எனக்குக் காது கேட்பதில்லை.

முழுச் செவிடு இல்லை. நாலு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. அமைதியான அறையில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் பாதி போய்விடும். போன் வேண்டாம் என்றது அதனால்தான். பழியைத் துறைமுகத்துப் போன்மேல் போட்டேன். ஸ்க்ரூ டிரைவரைக் கடிக்கும் வித்தை நான் கண்டுபிடித்ததும் அதனால்தான். பல் வழியாகவும் எலும்பு வழியாகவும் வரும் சத்தம் எனக்கு இன்னும் முழுசாகக் கேட்கிறது.

இதில் ஒரு அதிசயம் உண்டு. இஞ்சின் அறையில், ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காத அந்த இரைச்சலில், எனக்கு எல்லாமே கேட்கிறது. மற்றவர்கள் கையைக் காதில் குவித்துக்கொண்டு "என்னது, என்னது" என்பார்கள், நான் சாதாரணமாகப் பதில் சொல்வேன். எனக்கே பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயந்து, ஒரு துறைமுகத்தில் பேரை மாற்றிச் சொல்லி ஒரு காது டாக்டரைப் பார்த்தேன். காதுக்குள் மூன்று சின்ன எலும்பு இருக்கிறதாம். கடைசி எலும்பு அரிசியில் பாதிகூட இல்லை. உடம்பிலேயே சின்னது அதுதான். அது அசையாமல் இறுகிப்போய்விட்டது என்றார். இரைச்சலில் கேட்பது இந்த நோய்க்கே உரியதாம். சுற்றிலும் சத்தம் இருந்தால் எல்லோரும் தங்களை அறியாமல் குரலை உயர்த்திப் பேசுகிறார்கள். அந்தச் சத்தம் எங்கள் காதில் பெரிதாக விழுவதில்லை, உயர்த்திய குரல் மட்டும் விழுகிறது. இப்படிப்பட்டவர்கள் சத்தமாகவும் பேச மாட்டார்களாம். சொந்தக் குரல் எலும்பு வழியே தலைக்குள் பெரிதாகக் கேட்பதால் மெதுவாகத்தான் பேசுவார்கள். அதனால் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சந்தேகமே வராது.

இது குடும்பத்தில் வரும் நோய் என்றும் சொன்னார். அண்ணன் தம்பிகள் இருந்தால் அவர்களையும் பார்க்கச் சொன்னார். நான் யாரிடமும் சொல்லவில்லை. காது கேட்காதவனை இஞ்சின் அறையில் வைத்துக்கொள்ள மாட்டார்கள், அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள். அண்ணனைப் பற்றி எழுதினால் என்னைப் பற்றியும் எழுத வேண்டும். உங்கள் ஏப்ரல் கடிதத்தைப் படித்த நிமிஷமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியும் என் வேலைக்குப் பயந்து உங்களைத் தவிக்கவிட்டேன்.

அந்த ஏழு கோடும் உங்கள் பேச்சை மூட இல்லை அண்ணி. உங்கள் பேச்சைக் கேட்க. வண்டி ஓடும்போது நீங்கள் குரலை உயர்த்துவீர்கள், அவருக்குக் கேட்கும். சிக்னலில் நின்றதும் இறக்கிவிடுவீர்கள், போய்விடும். நிற்கும்போதும் கேட்க வேண்டும் என்று ஐடிலிங்கை ஏற்றியிருக்கிறார். அன்றைக்கு நீங்கள் தொள்ளாயிரத்தில் நிறுத்திவிட்டு, அதே சந்திப்பில், அவர் முகத்தையும் பாராமல் சொல்லியிருக்கிறீர்கள். ஒரு வார்த்தைகூட அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். நானும் சிரிப்பேன்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே பரிசோதித்துப் பாருங்கள். இதை ஒட்டித் தபாலில் போட்டுவிட்டுத் தலைமை இஞ்சினியரிடம் போய் என் விஷயத்தையும் சொல்லப்போகிறேன். இது இருபத்தைந்துக்கு முன் வந்து சேர வேண்டுமே என்ற கவலையோடு,

உங்கள் தம்பி


ஜூன் 23

என் அருமைத் தம்பிக்கு,

உன் கடிதம் பத்தொன்பதாம் தேதி பகல் பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தது. நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தார். நான் படித்து முடிக்கும்வரை பாவம் திறந்தபடியே இருந்தார். அவரை வேறு டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டு மூத்தாளை எடுத்துக்கொண்டு நேரே உன் அண்ணனின் அலுவலகத்துக்குப் போனேன்.

அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு ஓடி வந்தார். யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டார். பக்கத்தில் உட்காரச் சொன்னேன். இஞ்சினை அணைக்கவில்லை. ஆயிரத்து எழுநூறில் இரைந்துகொண்டிருந்தது. உதட்டைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று ஆஸ்பத்திரி மாஸ்க்கை மாட்டிக்கொண்டேன்.

"அன்னிக்கு சிக்னல்ல மாத்தல் பத்திச் சொன்னேனே, ஏன் சிரிச்சீங்க?"

"எந்த மாத்தல்?" என்றார்.

நான் பேசிக்கொண்டே சாவியைத் திருப்பினேன். அவள் இரண்டு தடவை இருமிவிட்டு அடங்கினாள். அந்த அமைதியில் மாஸ்க்குக்குள்ளிருந்து சொன்னேன், "நான் உங்களை விட்டுட்டுப் போறதா இருந்தேன்." அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். தம்பி, மூன்று வருஷமாக எனக்குப் பற்றிக்கொண்டு வந்த அந்தச் சிரிப்பு, அவ்வளவு பயந்த சிரிப்பு என்று அன்றுதான் பார்த்தேன். அதை ஒரு நொடிக்கு மேல் தாங்க முடியவில்லை. உடனே வண்டியை ஸ்டார்ட் செய்தேன்.

"தம்பி எல்லாத்தையும் எழுதிட்டான்" என்றேன். டேஷ்போர்டைக் கையால் துடைத்தார். பிறகு சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வண்டி நின்னா நீயும் நின்னுடுவே. சொல்ல வந்தது பாதியில அறுந்துடும். மீதி என்னவா இருக்கும்னு வீடு வரைக்கும் யோசிச்சுக்கிட்டே வருவேன். அதான் கொஞ்சம் ஏத்தி வெச்சேன். ரெண்டு சிக்னல்லயும் உன் பேச்சு அறாமத் தாண்டிச்சு. அப்புறம் அதுவும் பத்தல, கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கிட்டே போனேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா வீட்ல கத்திப் பேச ஆரம்பிப்பே. செவிடன்கிட்ட பேசற மாதிரி. கார்ல நீ சத்தமாப் பேசறது உனக்கே தெரியாது. உன் குரல் உன் குரலாவே இருக்கும்."

நானும் ஒரு டாக்டர் என்று வெளியே சொல்லிவிடாதே. பக்கத்தில் இருந்த மனிதருக்கு ஒரு எலும்பு இறுகியது எனக்குத் தெரியவில்லை. அவரோ என் குரல் எந்த அளவு இரைச்சலில் எந்த அளவு ஏறும் என்று கணக்குப் போட்டு, உள்ளங்கையில் அதிர்வைப் பிடித்துப் பார்த்து, அதற்கு வருஷக் கணக்காகக் கோடு கிழித்து வைத்திருக்கிறார். இந்த உலகத்தில் என் பேச்சைக் கேட்க இவ்வளவு பாடுபட்ட ஒரு ஆள் என்னோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறார். நான் அவரைப் பார்த்தேன், பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் நாள் அந்த நான்கு வாயைப் பார்த்து மலைத்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

பிறகு மெதுவாகக் கேட்டார், "வேற என்னெல்லாம் சொன்னே? இந்த மூணு வருஷத்துல?"

சொன்னேன். அலுவலக வாசலிலேயே, காவலுக்கு நின்றவர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகும் அளவுக்கு, ஞாபகம் வந்ததையெல்லாம் சொன்னேன். என் தோழியின் மகள் பாஸானது, என் முதுகுவலி, நான் வாங்கிய புடவை, பக்கத்து வீட்டுச் சண்டை, ஒருநாள் நான் அழுதது, எதற்கு அழுதேன் என்பது. எல்லாவற்றுக்கும் கேள்வி கேட்டார். புடவை என்ன நிறம் என்றுகூடக் கேட்டார்.

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் காதுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. விசாரித்துவிட்டேன், இந்த எலும்புக்கு அங்கே அறுவை செய்கிறார்கள். பலருக்குச் சரியாகிறது, சிலருக்கு ஆவதில்லை என்றும் சொன்னார்கள். அவரிடம் நீண்ட விடுப்பு இருக்கிறது. ஆகவே கையெழுத்துப் போட்டுவிட்டேன். நாங்கள் இரண்டு பேரும் போகிறோம். கப்பலில் உன்னை இறக்கிவிட்டால் வேறு எங்கும் போகாதே, அங்கே வா. அண்ணனுக்குப் பக்கத்துக் கட்டில் உனக்கு. உன் தைரியத்துக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை, நேரில் வந்தால் காதைப் பிடித்துத் திருகிவிட்டுச் சொல்கிறேன்.

ஜூலை இரண்டாம் தேதி காலை கிளம்புகிறோம். ரயில் வேண்டாம், காரிலேயே போகலாம் என்று சொல்லிவிட்டேன். ஒன்றரை நாள் ஆகும். இன்னும் இரண்டு வருஷத்துப் பேச்சு பாக்கி இருப்பதால் மெதுவாகவே ஓட்டச் சொல்லியிருக்கிறேன்.

உன் அண்ணி